ஊர்ப் பெயரோடுதான் இந்த நாடகம் மேடையேற வேண்டும்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கலைவிழாக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். உங்கள் மாணவர்கள் இந்த ஆண்டுக் கலைவிழாவுக்கு எழுதியிருக்கும் இசை நாடகத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. ஆனால் அனுமதியோடு சேர்த்து மூன்று நிபந்தனைகளும் வந்திருக்கின்றன. நெல்லை வட்டாரத்து ஊர்ப் பெயர் எதுவும் வரக்கூடாது. கதாநாயகன் எந்த மாநிலத்துக்காரன் என்று சொல்லக்கூடாது. கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிய பையன்கள் மேடையில் வரக்கூடாது. "ஏதோ ஒரு ஊர், இரண்டு கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கதை அப்படியே இருக்கட்டும்" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நாடகத்துக்கு மெட்டுப் போட்டு, பாட்டுச் சொல்லிக்கொடுத்துவருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஊரை எடுத்துவிட்டால் கதை அப்படியே இருக்காது.

பிள்ளைகள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. 1957 செப்டம்பரில் நியூயார்க் பிராட்வேயில் மேடையேறிய இசை நாடகம். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசை, ஸ்டீபன் சோன்ட்ஹைம் பாடல், ஆர்தர் லாரன்ட்ஸ் வசனம், ஜெரோம் ராபின்ஸ் நடனமும் இயக்கமும். ரோமியோ ஜூலியட் கதையைத்தான் நியூயார்க் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு கூட்டம், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன்கள் இன்னொரு கூட்டம். இந்தப் பக்கத்துப் பையன் டோனிக்கும் அந்தப் பக்கத்துப் பெண் மரியாவுக்கும் காதல். குறுக்கே நிற்பவன் மரியாவின் அண்ணன்.

1949-ல் இந்த யோசனை முதலில் எழுந்தபோது கதை வேறாக இருந்தது. கத்தோலிக்கக் குடும்பம், யூதக் குடும்பம் என்று இரண்டு வீடுகள். ஏற்கெனவே பலர் சொன்ன கதை மாதிரி இருக்கிறதே என்று கிடப்பில் போட்டுவிட்டார்கள். 1955-ல் பெர்ன்ஸ்டைனும் லாரன்ட்ஸும் லாஸ் ஏஞ்சல்ஸில் சந்தித்தபோது, அன்றைய பத்திரிகையில் இளைஞர் கும்பல்களின் மோதல் பற்றிய செய்தி வந்திருந்தது. அதைப் பற்றிப் பேசப் பேசத்தான் நாடகத்துக்கு உயிர் வந்தது. அன்று நியூயார்க்கில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த, ஆனால் மேடையில் யாரும் பேசாத மனிதர்கள் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். அவர்களைப் பெயர் சொல்லி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். "ஏதோ ஒரு தீவு" என்று எழுதியிருந்தால் அந்த நாடகம் இன்றுவரை உலகம் முழுக்க ஆடப்பட்டிருக்குமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917-லிருந்தே அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் எல்லை தாண்டி வந்த அந்நியர்கள் இல்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே பிழைக்கப் போனவர்கள். அப்படியும் வாடகைக்கு வீடு கிடைப்பதிலிருந்து தெருவில் நடப்பது வரை எல்லாவற்றிலும் அவர்களைப் பிறத்தியாராகத்தான் நடத்தினார்கள். நம் மாணவர்கள் கதாநாயகனை ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துப் பையனாக வைத்ததன் காரணம் இதுதான். அவன் நெல்லை வண்ணார்பேட்டையில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடியில் டைல்ஸ் ஒட்டுகிறவன். அதே வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை எடுத்துப் போடும் பெண்தான் கதாநாயகி. கூடங்குளத்துக் கட்டுமானத்திலும் கங்கைகொண்டான் சிப்காட்டிலும் நம் ஊர் ஓட்டல்களிலும் வடக்கேயிருந்து வந்தவர்கள் வேலை செய்வதைத் தினமும் பார்க்கிறோம். "வடக்கன்" என்று நாம் சொல்லும்போது குரல் எப்படி மாறுகிறது என்பதும் நமக்குத் தெரியும். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களைப் பரப்பி, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று கிளப்பிவிட்டபோது எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள்! வதந்தி பொய்தான், பயம் பொய்யில்லை.

நாமே பிழைக்கப் போனவர்கள் என்பதையும் நாடகம் சொல்கிறது. மும்பை தாராவியில் போய்ப் பாருங்கள், கேட்கிற தமிழில் பாதி நெல்லைத் தமிழ். பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிப் போய், அங்கே தோல் பதனிட்டும் இட்லி விற்றும் குடும்பத்தைக் காப்பாற்றிய சனம். 1966-ல் சிவசேனா தொடங்கிய காலத்தில் 'மதராசி' என்று அடிபட்டவர்களில் நம் மாமன் மச்சான்களும் உண்டு. இரண்டாம் காட்சியில் கதாநாயகியின் தாத்தா அந்தக் காலத்தைச் சொல்லும் பாட்டு ஒன்று இருக்கிறது. அதைத் தாராவி, வண்ணார்பேட்டை என்ற பெயர்கள் இல்லாமல் எப்படிப் பாடுவது? "ஏதோ ஒரு ஊரில்" அடிபட்ட தாத்தா யாருக்கும் தாத்தா இல்லை.

மூல நாடகத்தில் காதலர்கள் சந்திப்பது நியூயார்க் அடுக்குமாடிகளின் வெளிப்புறம் தொங்கும் இரும்புப் படிக்கட்டில். அந்த நகரத்தில் மட்டுமே பிறக்கக்கூடிய காட்சி அது. நம் பிள்ளைகள் அதைச் சுலோச்சனா முதலியார் பாலத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு கரையையும் சேர்க்கத் தன் சொந்தப் பணத்தைக் கொட்டி ஒருவர் கட்டிய பாலம், 1843-ல் திறந்தது. கீழே தாமிரபரணி. இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

சரி, இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நமக்கு எதற்கு என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டதாகவும் அறிந்தேன். நம்மிடமே இருக்கிறதே, முத்துப்பட்டன் கதை! ஆரியநாயகிபுரத்துப் பிராமணப் பிள்ளை முத்துப்பட்டன், பாபநாசம் மலைப்பக்கத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு அருந்ததியர் பெண்களின் பாட்டைக் கேட்டு மனதைப் பறிகொடுக்கிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை லேசில் சம்மதிக்கவில்லை. பூணூலை அறுத்துப் போடு, குடுமியைக் களை, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறான். பட்டன் எல்லாவற்றையும் செய்கிறான். கடைசியில் மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் சாகிறான். காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமான அவனுக்கு இன்றும் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டாகப் பாடும் கதை இது. ஊர்ப் பெயர், சாதிப் பெயர், தொழில் எல்லாம் வெட்டவெளிச்சமாக வருகிற கதை.

ஆனால் அந்தக் கதைக்கும் ஒரு காலத்தில் உங்கள் நிபந்தனையைப் போன்ற ஒன்று வந்தது. கதையின் சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள் என்றும், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்றும் சேர்த்திருக்கிறார்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது, இது யாரையோ சமாதானப்படுத்தச் செய்த மாற்றம் என்று சுட்டிக்காட்டினார். யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு மாற்றத்தில் பட்டன் அறுத்த பூணூலுக்கு அர்த்தம் போய்விடுகிறது. வாலப்பகடை வைத்த சோதனை வீணாகிறது. யாருக்கும் மனம் நோகக்கூடாது என்று கை வைத்தார்கள், கதையின் மொத்தக் கனமும் போயிற்று. உங்கள் மூன்று நிபந்தனைகளும் எங்கள் நாடகத்துக்கு இதைத்தான் செய்யும்.

அதனால்தான் இந்த நாடகத்தையும் வில்லோடு அமைத்தோம். பெர்ன்ஸ்டைனின் 'அமெரிக்கா' பாட்டில் தாளம் மாறி மாறி வரும்: மூன்று, மூன்று, அப்புறம் இரண்டு, இரண்டு, இரண்டு. வில்லுப்பாட்டுக்குக் குடம் தட்டும் எங்கள் பெண் முதல் நாளே அதைக் கேட்டு, குடத்தின் வாயில் தட்டிக் காட்டிவிட்டாள். அவள் கையில் அது கொடை மேளமாகவே ஆகிவிட்டது. அந்தத் தாளத்தில்தான் டைல்ஸ் ஒட்டும் பையன்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஊர் நல்லதா பிழைக்க வந்த இடம் நல்லதா என்று வழக்காடும் பாட்டு வருகிறது.

நீங்கள் அவசியம் வந்து பார்க்க வேண்டிய காட்சி ஒன்று. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போட வேண்டும். அதுதான் மரபு. நாடகம் முழுக்கப் போடுகிறார்கள். கதாநாயகியின் அண்ணன் சொல்வதாக, "நம்ம ரத்தத்துக்கு வெளியே போனா வெட்டுவேன்" என்று புலவர் பாடும் இடத்தில் மட்டும் "ஆமா" வரவில்லை. புலவர் திரும்பிப் பார்க்கிறார். மறுபடி அதே வரியைப் பாடுகிறார். வீசுகோல் வில்லில் படுகிறது, மணி குலுங்குகிறது, அப்போதும் ஒருவரும் "ஆமா" சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி சொன்ன யோசனை இது.

மூல நாடகத்தின் குறைகளையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. போர்ட்டோ ரிக்கோவை நோயும் அழுக்குமான தீவாகச் சொன்ன வரிகளுக்கு அன்றே எதிர்ப்பு வந்தது. 1961 படத்தில் அந்தப் பாட்டை மாற்றி எழுதினார்கள். அதே படத்தில் போர்ட்டோ ரிக்கோக்காரர்களாகப் பலர் முகத்தில் பழுப்புப் பூச்சோடு நடித்தார்கள். ஒத்திகைக் காலத்தில் இரண்டு கூட்டத்து நடிகர்களையும் சேர்ந்து சாப்பிடக்கூட விடாமல் ராபின்ஸ் பிரித்து வைத்தாராம், பகை நிஜமாகத் தெரிய வேண்டும் என்று. எனக்கு அது ஒப்பவில்லை. இங்கே எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் டிபன் டப்பாவைத் திறக்கிறோம். ஒடியா வரிகளைத் திருத்த, நிஜமாகவே டைல்ஸ் ஒட்டும் ஒரு தம்பி வந்தார். கதாநாயகன் வீட்டுக்குப் போன் பேசும் காட்சியில் நீளமான சோகப் பாட்டு இருந்தது. கேட்டுவிட்டு, "அம்மாகிட்ட இவ்வளவு பேச மாட்டோம். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியான்னு கேட்டு வச்சிருவோம்" என்றார். பாட்டை எடுத்துவிட்டோம். அவர் சொன்னது மட்டும் இப்போது அந்தக் காட்சியில் இருக்கிறது.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் தடுக்கப் போன தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, சாதி அடையாளக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2025 ஜூலையில் இதே பாளையங்கோட்டையில் பட்டியல் சமூகத்து மென்பொருள் பொறியாளர் ஒருவர் காதலுக்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவரும் ஒருவர். உங்கள் வகுப்பறைகளில் இருப்பவர்கள் இந்தச் செய்திகளோடுதான் வளர்ந்தார்கள். கயிற்றைப் பிள்ளைகளின் கையிலிருந்து கழற்றச் சொல்வது சரி, முழுக்கச் சரி. மேடையில் அதைக் காட்டுவதும் அந்த வேலையின் பகுதிதான். நாடகத்தில் எந்தச் சாதியின் நிறமும் வரவில்லை. எல்லாக் கயிறும் வெள்ளை நூல். கடைசிக் காட்சியில் அண்ணனே அதை அறுக்கிறான். அறுப்பதைக் காட்ட வேண்டுமானால் கட்டியிருப்பதைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கலவரம் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நான் தட்டிக்கழித்துப் பதில் சொல்ல விரும்பவில்லை. பிரதியை வரிவரியாக உங்களோடு உட்கார்ந்து படிக்கத் தயாராக இருக்கிறேன். எந்தச் சமூகத்தையாவது இழிவாகச் சொல்லும் வரி ஒன்று இருந்தாலும் அன்றே வெட்டிவிடலாம். முதல் காட்சியைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் போடலாம். அதற்குப் பிறகு நீங்கள் நிறுத்தச் சொன்னால் பேசுவோம். வேலை செய்ய வந்த தம்பிகளுக்கும் முன்வரிசையில் இடம் கொடுங்கள் என்று ஒரு வேண்டுகோள் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை. குழுவில் எல்லோரும் வாருங்கள். பார்த்துவிட்டு மூன்று நிபந்தனைகளையும் விலக்கிக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள். திரை எழுதுகிறவர் துணியை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பாலத்தையும் வண்ணார்பேட்டைக் கடைப் பலகைகளையும் வரையலாமா என்று சனிக்கிழமைக்குள் அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
மாணவர்களின் நாடகத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவன்,
பாளையங்கோட்டை