பாப்பாவுக்கு அம்மா எழுதுறது

பாப்பா,

கீழ அரிக்குது, பிறப்புறுப்பைக் கழுவ வாசனை வாஷ் வாங்கலாமான்னு போன்ல நீ கேட்டப்போ கடையில கூட்டம், பக்கத்துலயே முதலாளி. ரெண்டு வார்த்தையில சொல்லி முடிக்கிற விஷயமும் இல்ல. அதான் எழுதுறேன், பொறுமையா படி.

ரூம்ல கூட இருக்கிற பொண்ணு வாங்கச் சொன்ன அந்த வாசனை வாஷ் உனக்கு வேண்டாம். அந்த இடம் பூ மாதிரி மணக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. குளிக்கும்போது வெளிப்பக்கத்தை மட்டும் வெறும் தண்ணியில, மடிப்புங்களுக்கு நடுவுல விரலால மெதுவா கழுவினா போதும். உள்ள விரல் விட்டோ, தண்ணியைப் பீய்ச்சியோ கழுவவே கழுவாத. உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும்.

உள்ள நல்ல கிருமிங்க குடியிருக்கு. லாக்டோபேசில்லஸ்னு பேரு, தயிர்ல இருக்கிற கிருமிக்குச் சொந்தக்காரங்க. அதுங்க லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி அந்த இடத்தைப் புளிப்பாவே வச்சிருக்கும். பி.எச்.னு புளிப்பை அளக்கிற எண் ஒண்ணு இருக்கு, எண் குறையக் குறைய புளிப்பு அதிகம். அந்த அளவுல சொன்னா 3.8ல இருந்து 4.5. அந்தப் புளிப்புல கெட்ட கிருமி பலதும் சுலபமா பெருக முடியாது. குளிக்கிற சோப்புக் கட்டியோட பி.எச். 9, 10 இருக்கும். அதை உள்ள போட்டுக் கழுவினா நல்ல கிருமி செத்துப்போய், கெட்டது தலைதூக்கும். நாத்தம் வரும். நாத்தம் வருதேன்னு இன்னும் சோப்பு போடுவாங்க, இன்னும் மோசமாகும். எங்க உள்ளாடைக் கடைக்கு வர்ற எத்தனையோ பொண்ணுங்க இப்படித்தான் தவிக்கிறாங்க, கேட்கவே வயிறு எரியுது. நம்ம தெருவுல தீட்டுக் குளியல்னா டெட்டால் ஊத்தாம குளிக்க மாட்டாங்க. ஆயா சொன்னாலும் நீ அதைச் செய்யாத.

வெள்ளைப்பட்டா எலும்பு உருகுதுன்னு பயமுறுத்துவாங்க, அது பொய். கண்ணாடி மாதிரியோ லேசான வெள்ளையாவோ படுறது எல்லாப் பொண்ணுங்களுக்கும் உண்டு. ரெண்டு தீட்டுக்கு நடுவுல, கருமுட்டை வெளிய வர்ற சமயத்துல, வழுவழுன்னு இழுபடும். அதுவும் சரிதான். கட்டி கட்டியா தயிர் போலப் பட்டு அரிப்பு தாங்கலன்னா பூஞ்சைத் தொற்றா இருக்கலாம். சாம்பல் நிறத்துல தண்ணியா, மீன் கவுச்சியோட பட்டா அது வேற தொற்று. பச்சையா, மஞ்சளா பட்டாலும், அடிவயிறு வலிச்சாலும் டாக்டரைப் பார்க்கணும். ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற வேற. அதனால மெடிக்கல்ல அரிப்புன்னு சொன்னதும் எடுத்துக் குடுக்கிற ஆயின்மென்டைத் தடவாத. அதுல பலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு, அப்போதைக்கு அடங்கின மாதிரி இருந்துட்டு அப்புறம் தோலைப் பாழாக்கும்.

ஷிப்டுல பாத்ரூம் போக விட மாட்டாங்கன்னு தண்ணியே குடிக்கிறதில்லைன்னு சொன்ன பாரு, எனக்கு அதுதான் பெரிய கவலை. ஒண்டுக்குடித்தனத்துல அத்தனை வீட்டுக்கும் ஒரே கக்கூஸ் இருந்தப்போ, இங்க பொம்பளைங்க எல்லாம் அப்படித்தான் அடக்கிக்கிட்டுக் கிடந்தோம். வேலைக்குப் போற இடத்துல நீயும் அப்படி இருக்கணுமா? சூப்பர்வைசர் மூஞ்சியைப் பார்க்காத, கேட்டுட்டுப் போ. அடக்கி அடக்கி வச்சா நீர்க்கடுப்பு வரும், விட்டா கிட்னி வரைக்கும் ஏறும். போயிட்டு வந்தா முன்னாலருந்து பின்னால கழுவு. பின்னால இருக்கிற கிருமி முன்னால வந்துச்சுன்னா எரிச்சல்தான். தீட்டு நாள்ல கம்மியா பட்டாலும் நாலு மணி நேரத்துல இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள பேடை மாத்திடு. வாசனை போட்ட பேட் வேண்டாம்.

ஜட்டி விஷயம் என் தொழில், அதைச் சொல்லாம விட மாட்டேன். எங்க துணிக்கடைத் தெரு எம்.சி. ரோட்டுல லேஸ் வச்சது, பளபளன்னு இருக்கிறதுதான் முதல்ல விக்கும். நீ அதைக் கையில எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாரு. கவட்டையில வர்ற ரெட்டைத் துணியாவது காட்டனா இருக்கணும். நைலான் வேர்வையை உறிஞ்சாது. அதுக்கு மேல லெக்கின்ஸ், அதுக்கு மேல யூனிபார்ம், எட்டு மணி நேரம் ஈரத்துல ஊறினா பூஞ்சை வராம என்ன பண்ணும்? தொடையில தடம் பதியிற அளவுக்கு இறுக்கமும் வேண்டாம். சோப்புத்தூள் தங்காம நல்லா அலசு. துண்டுக்கு அடியில ஒளிச்சுக் காயப்போடாம, நேர வெயில்ல போடு. யார் பார்த்தா என்ன? ராத்திரி தூங்கும்போது ஜட்டி இல்லாம தளர்வா நைட்டி போட்டுக்கோ.

அரிப்பு இன்னும் இருக்குன்னா காத்திருக்காத. உனக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருக்கு, லேடி டாக்டரைக் கேட்டு வாங்கிப் பாரு. ஓசூர்ல பார்க்கக் கூச்சமா இருந்தா லீவு போட்டுட்டு வா, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். கவர்மென்ட் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நானே கூட வர்றேன். காலையில சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போடணும், அதனால முந்தின ராத்திரியே வந்துடு. நைனாகிட்ட லேடீஸ் டாக்டர்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

காட்டன்ல ஆறு எடுத்து வச்சிருக்கேன். உன் சைஸ் இப்போ 85 தானா, மாறிடுச்சா? போன்ல சொல்லு, அனுப்பிடறேன்.

அம்மா
பழைய வண்ணாரப்பேட்டை