தீயில் தப்பிய வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சான் கேப்ரியல் மலையடிவாரத்தில், 2025 ஜனவரியில் மூண்ட ஈட்டன் காட்டுத்தீக்குப் பிறகும் வீடு மிஞ்சி, அங்கேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில் நம்மில் பலர் கூடியிருந்தோம். மழைக்காலம் வருகிறதே, எரிந்த மலையிலிருந்து சேறு இறங்கினால் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நம் ஊர் மழையைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு மழையா?" என்றார் ஓர் அண்ணன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை கொல்லைப்புறச் சரிவில் ஏறினேன். எரிந்த புதர் ஒன்றின் அடியில் இரண்டு விரற்கடை ஆழம் மண்ணைச் சுரண்டிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றினேன். மண் அதைக் குடிக்கவில்லை. தாமரை இலைத் தண்ணீரைப்போல முத்து முத்தாக நின்று, பிறகு சரிவோடு உருண்டு ஓடிவிட்டது. இந்த மலைப் புதர்களின் இலையில் மெழுகும் எண்ணெய்ப் பசையும் அதிகம். தீயில் அவை ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, அடியில் குளிர்ந்து படிந்து, மண்துகள்களை மெழுகிவிடுகின்றன. மேலே வேர்ப்பிடிப்பு இல்லாத தளர்ந்த மண், கீழே தண்ணீர் இறங்காத படலம். பெய்வதெல்லாம் வழிந்தோட வேண்டியதுதான். போகிற வழியில் மண், கரிக்கட்டை, பாறை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். எரிந்த மலைகளில் அரை மணி நேரத்தில் 7 மில்லிமீட்டர் மழை பெய்ததற்கே சேற்றுப் பெருக்கு கிளம்பியிருக்கிறது என்கிறது அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம். அந்த அளவு மழைக்கு நம் ஊரில் குடைகூட விரிக்க மாட்டோம்.

இதே கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான மாண்டெசிட்டோவை நினைத்துப் பாருங்கள். 2017 டிசம்பரில் தாமஸ் என்ற காட்டுத்தீ வந்தபோது அங்கிருந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள், அலைந்தார்கள், களைத்துத் திரும்பினார்கள். 2018 ஜனவரி 9 விடியற்காலை, சில நிமிடங்களே கொட்டிய மழையில், கார் அளவுப் பாறைகளைச் சுமந்துகொண்டு சேறு இறங்கியது. 23 பேர் இறந்தார்கள். கட்டாய வெளியேற்ற எல்லைக்கு வெளியே இருந்தவர்களும் அதில் உண்டு. தாமஸ் தீ முழுவதும் கட்டுக்குள் வந்ததாக அறிவித்தது அதற்கு மூன்று நாள் கழித்து, ஜனவரி 12 அன்று.

நம் மலையே இதை முன்பு செய்திருக்கிறது. 1933 நவம்பரில் இதே அடிவாரத்து ஊரான லா கிரசென்டாவுக்கு மேலே மலை எரிந்தது. 1934 புத்தாண்டு பிறந்த நள்ளிரவில் சேறு வந்தது. பாதுகாப்பு என்று நம்பி ஒரு மண்டபத்தில் தஞ்சம் புகுந்தவர்களில் 12 பேர் அங்கேயே மாண்டார்கள். 2025 பிப்ரவரியில், ஈட்டன் தீ மூண்ட அதே நாளில் லாஸ் ஏஞ்சலஸின் கடலோரப் பகுதியில் பாலிசேட்ஸ் தீ மூண்டு ஐந்தே வாரத்தில், கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்த தீயணைப்புத் துறை வாகனம் ஒன்றைச் சேறு கடலுக்குள் தள்ளியது. ஓட்டுநர் உயிர் பிழைத்தார்.

நம்மில் பலர் 2015 சென்னை வெள்ளத்தைக் கண்டவர்கள். தண்ணீர் படிப்படியாக ஏறும், மொட்டை மாடிக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது நமக்குள் ஊறிய பாடம். அந்தப் பாடத்தை இங்கே நம்பக் கூடாது என்பதைத்தான் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். இங்கே வருவது ஏறும் தண்ணீர் அல்ல, இடிக்கும் சேறு. சில நிமிடங்களில் வந்துவிடும். மழை தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். சிக்கிக்கொண்டால் மட்டுமே மாடி, அதுவும் மலையைப் பார்க்காத பக்கத்து அறை.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. தீதான் மூலகாரணம் என்று நிறுவினால் கலிஃபோர்னியாவில் இழப்பீடு கேட்க வழியுண்டு. ஆனால் வாதாடி வாங்க வேண்டிய பணத்தை நம்பி உட்காராதீர்கள். அமெரிக்க அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுங்கள். வீட்டுக்கு 2,50,000 டாலர், உடைமைகளுக்குத் தனியாக 1,00,000 டாலர் வரை கிடைக்கும். எடுத்த நாளிலிருந்து வழக்கமாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். மத்திய அரசு நிலத்தில் எரிந்த காட்டிலிருந்து வரும் வெள்ளம் என்றால், தீ அடங்கிய 60 நாளுக்குள் வாங்குவோருக்கு அந்தக் காத்திருப்பில் சலுகை உண்டு. நான் அதைத் தவறவிட்டேன். என் முகவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வரைபடத்தில் நம் தெரு வெள்ளப் பகுதி இல்லையே" என்று சொல்லாதீர்கள். அந்த வரைபடம் மலை பச்சையாக இருந்தபோது போட்டது. செடி கொடி மீண்டும் வேர்பிடிக்கும்வரை, ஐந்து ஆண்டுகள்வரைகூட, இந்த ஆபத்து நீடிக்கும்.

மணல் மூட்டை அடுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். முட்ட நிரப்பினால் கல்லைப்போல் விறைத்துக்கொண்டு இடுக்கு விடும். வாயைக் கட்ட வேண்டாம், அடியில் மடித்துவிட்டு, மடிப்பு தண்ணீர் வரும் திசையைப் பார்க்கும்படி வைத்து, காலால் மிதித்து அமுக்குங்கள். அடுத்த வரிசையைச் செங்கல் அடுக்குவதுபோல மாற்றி வைக்க வேண்டும். தண்ணீரையும் சேற்றையும் வீட்டைச் சுற்றித் தெருவுக்குத் திருப்பிவிடத்தான் மூட்டை. பக்கத்து வீட்டு வாசலுக்குத் திருப்பிவிடாதீர்கள். பாறை வந்தால் மூட்டை நிற்காது, ஆகவே அதை அடுக்கியிருக்கிறோம் என்ற தைரியத்தில் வீட்டிலேயே தங்கிவிடாதீர்கள். சரிவில் கருகி நிற்கும் புதர்களை வேரோடு பிடுங்கவும் வேண்டாம். மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்தான். கூரைத் தண்ணீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் சாம்பலையும் சருகையும் இப்போதே வாரிவிடுங்கள்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்து தங்கியிருக்கும் வீடுகளை நினைத்தால்தான் எனக்கு மிகவும் கவலை. நள்ளிரவில் கைபேசி அலறும், எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் புரியாது. நாமோ கைபேசியை மௌனமாக்கிவிட்டு மாடியில் உறங்கிக்கொண்டிருப்போம். அவர்களை உட்காரவைத்து இப்போதே சொல்லுங்கள். மருந்து, கண்ணாடி, பாஸ்போர்ட் மூன்றும் ஒரே பையில், வாசல் கதவருகே இருக்கட்டும். மழை அறிவிப்பு வந்த இரவில் எல்லோரும் என் வீட்டுக்கே வரலாமென்றால் அதுவும் முடியாது, நானும் உங்கள் தெருவில்தான் இருக்கிறேன். ஆகவே மலையிலிருந்து தள்ளி இருக்கும் நண்பர் வீடு ஒன்றை ஒவ்வொருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் பல தீயணைப்பு நிலையங்களில் பைகளை இலவசமாகத் தருகிறார்கள், சிலவற்றில் மணலும் உண்டு. வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு நான் போகிறேன். என் வண்டியில் இன்னும் நான்கு பேருக்கு இடமிருக்கிறது. மண்வெட்டி இரண்டு என்னிடம் இருக்கின்றன. கையுறை மட்டும் கொண்டுவாருங்கள். முதலில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அடுக்கிவிட்டு, பிறகு நம் வீடுகளுக்கு வருவோம்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்