ஸ்பியன்கோப் சரிவில் நடந்த எண்ணூறு பேர்

குவாசூலு-நேட்டால் மரபுரிமைக் காப்பு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். இதே கடிதத்தை ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் உள்ள நம்மவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

போன ஜனவரியில் மகனோடு ஸ்பியன்கோப் உச்சிக்குப் போயிருந்தேன். லேடிஸ்மித்திலிருந்து மேற்கே, டுகேலா ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் மலை அது. மேலே இருபுறமும் வெள்ளையடித்த கற்களை அடுக்கிய நீண்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. 1900 ஜனவரி 24 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் உயிர்காக்க வெட்டிய பதுங்குகுழி அது. அதிலேயேதான் அவர்களைப் புதைத்தார்கள். குனிந்து ஒரு கல்லைத் தொட்டேன். வெள்ளை பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. பக்கத்தில் ஒருவர் மண்ணைக் காலால் கிளறி எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். நான் பார்ப்பதைக் கண்டதும் நகர்ந்துவிட்டார். தோட்டா உறையாக இருக்கும். அப்போதே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த வருத்தமும் சேர்ந்துதான் இந்தக் கடிதம்.

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரும் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர்களும் மோதிய அந்தப் போரின் கதை உங்களுக்குத் தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். போயர் படை முற்றுகையிட்டிருந்த லேடிஸ்மித்தை மீட்க, ஜனவரி 23 இரவு மூடுபனியில் சுமார் 1,700 பிரிட்டிஷ் சிப்பாய்கள் மலையேறினார்கள். உச்சியில் ஒரே பாறை, ஆழமாகத் தோண்ட முடியவில்லை. காலையில் பனி விலகியதும், சுற்றியுள்ள குன்றுகளில் இருந்த போயர் தளபதி லூயி போத்தாவின் ஆட்களுக்கு அவர்கள் திறந்தவெளியில் கிடப்பது போலத் தெரிந்தது. அன்று இறந்த பிரிட்டிஷ்காரர்கள் 243 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அந்தக் காயம்பட்டவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். மலையிலிருந்து அவர்களைக் கீழே கொண்டு வந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையும் உண்டு. மொத்தம் 1,100 பேர். ஏறக்குறைய 300 பேர் கூலி ஒப்பந்தம் முடிந்தவர்கள், வணிகர்கள், படித்தவர்கள். மீதி எண்ணூறு பேரும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட கூலிகள். குண்டு விழும் எல்லைக்கு வெளியேதான் வேலை என்று முதலில் பேசியிருந்தார்கள். ஸ்பியன்கோப்பில், உள்ளே வந்து தூக்க முடியுமா என்று பிரிட்டிஷ் தளபதி புல்லர் கேட்டு அனுப்பியபோது இவர்கள் தயங்காமல் போனார்கள். அந்த நாட்களில் ஸ்ட்ரெச்சரைச் சுமந்தபடி ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார். தலையில் குண்டடிபட்ட தளபதி வுட்கேட்டைச் சுமந்ததும் இவர்கள்தான்.

ஆறு வாரத்தில் படை கலைக்கப்பட்டது. தலைவர்கள் 37 பேருக்குப் பதக்கம் கிடைத்தது. சுமந்தவர்கள் திரும்பவும் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் போனார்கள். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி என்ற 1895ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுக்காகக் காத்திருந்தது.

என் ஆயாவின் அப்பா அவர்களில் ஒருவர். வீட்டில் அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லையாம். "வெள்ளைக்காரன் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே வந்தான். ஆத்தைத் தாண்டினப்புறம் கேக்கல" என்று மட்டும் சொல்வாராம். தைப்பூசத்தில் காவடி எடுக்கும்போது வலது தோளில் மட்டும் வைக்க மாட்டாராம்.

காந்திக்கு இந்த நாட்டில் சிலை உண்டு, தெரு உண்டு. மலையில் இன்னொரு சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்லப்போனால், அந்தக் குழிகளின் பக்கம் புதிதாக எந்தக் கான்கிரீட்டும் வரக்கூடாது என்பதே என் எண்ணம். நான் கேட்பது அந்தப் பாதையை. 1999ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டம், 75 ஆண்டுக்கு மேற்பட்ட போர்ச் சின்னங்களை மட்டுமல்லாமல் அவை கிடக்கும் இடங்களையும் காக்கிறது. அப்படியென்றால் உச்சியோடு ஏன் நின்றுவிட வேண்டும்? ஸ்ட்ரெச்சர்கள் இறங்கிய சரிவு, ஆற்றைக் கடந்த இடம், மருத்துவக் கூடாரம் போட்ட மைதானம், இவையும் அந்தப் போர்க்களம்தானே. அங்கே நடந்தவர்களில் இரண்டு படைகளுக்கும் வண்டியோட்டிய ஆப்பிரிக்கர்களும் உண்டு. இந்தப் பாதையை அளந்து, வரைபடத்தில் குறித்து, பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவியுங்கள். மண்ணைக் கிளறுபவர்களைத் தடுக்க ஆண்டு முழுவதும் காவலுக்கு ஆள் போடுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'அமாஃபா' என்ற சூலு சொல்லுக்கே முன்னோர் விட்டுச்சென்ற சொத்து என்றுதானே பொருள்!

அடுத்தது பெயர்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அரசு ஓர் எண் கொடுத்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாவற்றையும் கப்பல் பதிவேட்டில் எழுதியது. உடம்பில் இருந்த தழும்பைக்கூட விடவில்லை. தழும்பு வரைக்கும் எழுதத் தெரிந்த அரசின் காகிதங்களிலிருந்து, மலையேறிய எண்ணூறு பேரைத் தேடி எடுக்க ஒரு குழு அமையுங்கள். கிடைக்கிற பெயர்களை மலையடிவாரத்தில், உச்சிக்குக் கீழேயே, ஒரு கல்லில் வெட்டுங்கள். தமிழர் பெயரைத் தமிழிலும், தெலுங்கர் பெயரைத் தெலுங்கிலும்.

நம் தமிழ்ச் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு நவம்பர் 16ஆம் தேதியும் ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் இங்கே ஏற்றிவந்த டுரூரோ கப்பல் வந்த நாளைக் கொண்டாடுகிறோம். சரி, ஜனவரி 24 அன்று ஒரு பஸ் ஏற்பாடு செய்து பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகக்கூடாதா? நான் போன அன்று மேலே தமிழ் பேசியது நானும் என் மகனும் மட்டும்தான்.

பதிவேடுகளைப் படிக்கும் வேலைக்கு எங்களைக் கூப்பிடுங்கள். அவற்றில் நம் பெயர்கள் எழுத்தரின் காதில் விழுந்தபடி இருக்கின்றன. கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். எந்தப் பெயர் எதுவாக இருந்தது என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் சாட்ஸ்வர்த்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மூத்தவருக்கு 91 வயது. இந்த ஆண்டே கூப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்