காக்கி புக்கிட் ஒர்க் ஷாப் அண்ணனுக்கு நன்றி

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் கார் ஒர்க் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு அண்ணனுக்குத்தான் இந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. "இன்ஜின் எப்படிண்ணே ஓடுது?" என்று கேட்டதற்கு, கைவேலையை முடித்துவிட்டு, கழற்றி வைத்திருந்த பழைய 4 சிலிண்டர் இன்ஜின் பக்கம் கூட்டிப்போய், பிஸ்டன்களோடு இணைந்து சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கையாலேயே மெல்லச் சுற்றிக் காட்டினார். சிலிண்டருக்குள் பிஸ்டன் இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், ஏறும்போது அழுத்தும், பிளக் பொறி விட்டதும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும், அப்புறம் மறுபடி ஏறிப் புகையை வெளியேற்றும். இத்தனைக்கும் கிராங்க் 2 சுற்று, காற்றும் புகையும் போகும் வழியிலுள்ள வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் 1 சுற்றுதான். வால்வு திறந்து மூடுவதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபிறகுதான், இந்த இரண்டு ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் இடித்து வால்வு ஏன் வளைந்துபோகிறது என்று புரிந்தது. எத்தனை வீடியோ பார்த்தாலும் இது கிடைக்காது. ஸ்பார்க் பிளக்கையும் கையில் கொடுத்தார். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது, கரி படிந்திருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்றார். காசு வாங்கவில்லை, காப்பிக்கடையில் டீக்கும் அவரே கொடுத்தார்.

ரொம்ப நன்றிண்ணே. அடுத்து கியர்பாக்ஸ் காட்டுகிறேன் என்றீர்கள், கட்டாயம் வருவேன்.