கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படி

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லி,

பேங்கில் விருப்ப ஓய்வு (விஆர்எஸ்) கேட்டு எழுதி வைத்திருக்கிறாயாம். ஜெசிந்தா நேற்று போனில் சொன்னாள். இன்னும் மேனேஜரிடம் கொடுக்கவில்லை, பீரோவில்தான் இருக்கிறது என்றாள். அது பீரோவிலேயே இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படி, அப்புறம் உன் இஷ்டம்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று எங்களுக்கே சொல்கிறார்கள். பெரியவன் கோவையில் வேலையில் சேர்ந்துவிட்டான். அண்ணனையும் சிந்துவையும் கேட்டதாகச் சொல்.

குசலம் போதும். எனக்கு உன் மேல் நிஜமாகவே கோபம். ஜெசிந்தாவிடம் சொன்னதை என்னிடம் சொல்ல உனக்கு என்ன தடை? "சரஸ்கிட்ட சொன்னா அட்வைஸ் பண்ணியே கொன்னுடுவா" என்றாயாமே. பண்ணத்தான் போகிறேன். வார்டன் அம்மாவிடம் மாட்டிய அன்றைக்கும் நான்தான் பேசினேன், நீ தூணுக்குப் பின்னால் நின்றாய். இப்போதும் அப்படியே நில், நான் பேசுகிறேன்.

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது உனக்குத் திடீரென்று சூடு ஏறுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, இதோ விழுந்துவிடப் போகிறோம் என்று தோன்றுகிறது. ஐந்நூறு ரூபாய்க் கட்டை எண்ணிக்கொண்டிருந்தவள் பாதியில் வைத்துவிட்டு உள்ளே ஓடியிருக்கிறாய், வரிசை அப்படியே நின்றிருக்கிறது. அன்றிலிருந்து கவுண்டர் என்றாலே பயம். அப்புறம் பஸ்ஸுக்குப் பயம். அப்புறம் காந்தி மார்க்கெட். இப்போது ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு கோயிலுக்குள் போவதில்லையாம். மார்கழிக் குளிரில் என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனவள் நீ! இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

மல்லி, எனக்கும் இதேதான்டி வந்தது. மாதவிடாய் நிற்கிற வயசில் வருகிற சூடு இது.

தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஆலங்குளம் தாண்டியதும் மார்பிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறியது. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. மூக்குக்கண்ணாடி பனித்துப்போய் முன்சீட்டுக் கம்பிகூடத் தெரியவில்லை. தாலிச்செயின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். நெஞ்சு வேகமாக அடிக்க ஆரம்பித்ததும்தான் "ஹார்ட் அட்டாக்" என்று நினைத்தேன். அப்படி நினைத்த மாத்திரத்தில் மூச்சு முட்டியது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. பாவூர்சத்திரத்தில் இறங்கி ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வேர்வை ஆறி, அந்த வெயிலிலும் குளிர் நடுக்கியது.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன். கோயில் குளம்னு போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். 48 வயசுப் பொம்பளை வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறாள், கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நம் ஊரில் மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயசில். மேலைநாட்டில் 51. அந்த வயசில் வரும் ஒருத்தியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதானே?

பிறகு இங்கே ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர்தான் உட்கார வைத்து விளக்கினார். மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. உடம்பின் வெப்பத்தைக் கண்காணிப்பது அதன் வேலை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கிக் குறையும்போது, அங்கே இருக்கும் சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. முன்பெல்லாம் வெப்பம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு கண்டுகொள்ளாது. இப்போது அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. வீட்டு மெயினில் ட்ரிப்பர் பழுதாகிப்போய் மிக்ஸி போட்டாலே விழுமே, அப்படி. அரை டிகிரிகூட ஏறியிருக்காது, ஏதோ பெரிய சூடு என்று எண்ணி உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளுகிறது, வேர்க்க வைக்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 7 முதல் 15 வரை கூடுகிறது. வேர்த்ததும் உடம்பு தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுவதால் பின்னாலேயே நடுக்கம். பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

அந்த நாடித்துடிப்பில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம் மல்லி. சூடு வருவது உடம்பின் காரியம். நெஞ்சு அடிப்பதைக் கேட்டு மனசு "போச்சு, செத்தோம்" என்று அலறுகிறதே, அங்கேதான் பீதி கிளம்புகிறது. அலறினால் இன்னும் வேகமாக அடிக்கும், மூச்சு முட்டும், இன்னும் வேர்க்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். இதற்கெல்லாம் மனசு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஹார்மோன் இப்படி ஏறி இறங்குவதே காரணமில்லாத பதற்றத்தைக் கொடுக்கும். ராத்திரி வேர்த்து விழித்து விழித்துத் தூக்கம் கெட்டால், மறுநாள் ஈ பறந்தாலும் திடுக்கிடும். ஆனால் சூடு வேறு, பீதி வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். எனக்கு இறங்கியது.

டாக்டர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். லண்டன் கிங்ஸ் காலேஜில் மைரா ஹண்டர் என்ற உளவியல் பேராசிரியையின் குழு 2012-இல் வெளியிட்டது. 140 பெண்கள். சிலருக்குக் குழுவாக உட்கார வைத்து, சிலருக்குப் புத்தகம் கொடுத்து, சூடு வரும்போது என்ன நினைக்கிறோம், என்ன செய்கிறோம் என்பதை மாற்றப் பழக்கினார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆறு வாரத்தில், பழகிய இரண்டு கூட்டத்துக்கும் சூட்டினால் வரும் தொந்தரவு நன்றாகக் குறைந்திருந்தது. வரும் சூட்டின் எண்ணிக்கை அப்படிக் குறையவில்லை, கவனி. வருவது வந்துகொண்டிருந்தது, அது அவர்களைப் படுத்துவதுதான் குறைந்தது. இப்போது பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலிலேயே இந்தப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது. மனநல ஆலோசகரிடம் போனால் பைத்தியம் என்பார்கள் என்று உன் நாத்தனார் சொன்னாளாமே, அவளை நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சூடு கிளம்புகிறது என்று தெரிந்ததும் இருக்கிற இடத்திலேயே இருப்பேன். எழுந்து ஓடமாட்டேன். இதுதான் முக்கியம், அடிக்கோடு போட்டுக்கொள். தோளைத் தளர்த்துவேன். மூச்சை வயிற்றுக்கு இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுவேன். மூச்சுப் பயிற்சியால் சூடு நிற்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்காக இல்லை, பதற்றம் கூடாமல் இருக்கத்தான். "வந்துட்டியா, சரி, வந்த மாதிரியே போ" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு வகுப்பில் கடிகாரத்தைப் பார்ப்பேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு கணக்கு எழுதி முடிப்பதற்குள் உச்சம் தாண்டியிருக்கும்.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கிறதே, அது சூட்டைவிட மோசம். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து டீச்சரிடம் கேட்டேவிட்டேன், "இப்ப என் முகத்தைப் பார்த்தீங்களா, எப்படி வேர்க்குது?" என்று. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஃபேன் ஓடலையே டீச்சர், எல்லாருக்கும்தான் வேர்க்குது" என்றாள். திருநெல்வேலியில் வேர்ப்பதை யாரடி தனியாகக் கவனிக்கப்போகிறார்கள்? உன் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவருக்குத் தன் பணம் சரியாக இருக்கிறதா என்பதுதான் கவலை. வேண்டுமானால் "ரெண்டு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடி. நிற்பார்.

நீ செய்வது இதற்கு நேர் எதிராக இருக்கிறது, அதுதான் என் பெரிய கவலை. கவுண்டரை விட்டு ஓடினாய், படபடப்பு அடங்கியது. ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. ஓடாமல் இருந்தாலும் அதே ஐந்து நிமிஷத்தில் அடங்கியிருக்கும், அதைப் பார்க்க நீ இடமே கொடுக்கவில்லை. அதனால்தான் ஒவ்வோர் இடமாக விட்டுக்கொண்டே வருகிறாய். வேலையை விட்டால் அடுத்து வாசல்படி. இன்னொன்றும் சொல்கிறேன், பயப்படாதே. அமெரிக்காவில் நீண்ட காலம் பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், அடிக்கடி சூடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருஷத்துக்கு மேலும் நீடித்திருக்கிறது. அத்தனை வருஷமும் இதே வேகத்தில் வராதுதான். ஆனால் "எல்லாம் அடங்கட்டும், அதுவரை வீட்டில் இருக்கிறேன்" என்பது நடக்கிற காரியமா? 26 வருஷ சர்வீஸடி! பிரமோஷன் பரீட்சைக்கு சிந்துவை மடியில் போட்டுக்கொண்டு படித்தாயே.

படிப்படியாகத் திரும்பிப் போ. முதலில் கூட்டமில்லாத நேரத்தில் கோயில் வெளிப்பிராகாரம் மட்டும், அண்ணனோடு. அப்புறம் தனியாக. பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். கவுண்டரில் காலையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கு, மேனேஜரிடம் காரணத்தை வெட்கப்படாமல் சொல். சுகர், பிரஷர் என்று ஆண்கள் சொல்வதில்லையா?

மருந்து விஷயம். முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டு கூடினாலும் இதே வேர்வை, இதே படபடப்பு வரும், ரத்தசோகையிலும் நெஞ்சு அடிக்கும். தைராய்டுக்கு டிஎஸ்எச், அப்புறம் ஹீமோகுளோபின், சுகர் பார்த்துவிடு. பிரஷரும். எனக்குக் காலில் ரத்தம் உறைந்த கதை உனக்குத் தெரியும், அதனால் ஹார்மோன் சிகிச்சை வேண்டாம் என்று வென்லாஃபாக்சின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார். அது பதற்றத்துக்கும் ஆகும், சூட்டுக்கும் ஆகும். தூக்கம் திரும்பியது. அதை நாமாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொன்னபடி குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும். ஹார்மோன் என்றதும் நீ புற்றுநோய் என்பாய். 2002-இல் அமெரிக்காவில் ஹார்மோன் சிகிச்சை பற்றிய ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து வந்த பயம் அது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயசு 63. மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள், 60 வயசுக்குள் தொடங்குகிற ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மைதான் அதிகம் என்று பிறகு சொல்லிவிட்டார்கள். ஆனால் உன் அம்மாவுக்கு இருந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல், அதை வைத்து அவர் முடிவு செய்யட்டும்.

"கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடு. அங்கே மட்டும் ஓடலாம். உஷாவுக்கு 40 வயசில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்கள். மெல்ல மெல்ல வர வேண்டியதெல்லாம் அவளுக்கு ஒரே வாரத்தில் வந்தது, ஏன் என்று சொல்லக்கூட ஆளில்லை. அவள் பட்டதை நாம் பார்த்தோம்.

மோர், நன்னாரி, வெந்தயம் எல்லாம் குடி, வேண்டாமென்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி உட்காராதே. சூடான ஃபில்டர் காபியை ஒரே மூச்சில் குடித்தால் எனக்கு உடனே வரும், ஆற்றிக் குடித்தால் பரவாயில்லை. உனக்கு எதில் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துப் பார். சிந்தெடிக் சேலையெல்லாம் தூக்கிப் போடு, சுங்கடி கட்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்தினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், "இது அந்தச் சூடுதான்" என்று இருந்துவிடாதே, உடனே ஆஸ்பத்திரி. ஒரு வருஷம் நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டாலும் அப்படியே.

இரண்டாம் சனி உனக்கும் லீவு, எனக்கும் லீவு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி விடியற்காலை வந்துவிடுவேன். உங்கள் ஊரில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் அன்றைக்கு டோக்கன் போட்டு வை, கூடவே வருகிறேன். பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரு கவரில் எடுத்து வை. மத்தியானம் வத்தக்குழம்பு வேண்டும், சுட்ட அப்பளம் வேண்டும். சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு தாயார் சன்னதி வரை நடக்கலாம். நடுவில் உனக்கு வந்தால் அங்கேயே திண்ணையில் உட்காருவோம். எனக்கு வந்தால் நீ விசிறு.

உன்
சரஸ்

பி.கு: ஜெசிந்தா மகள் கல்யாணத்துக்கு நாம் எல்லோரும் ஒரே கலர் பட்டுச்சேலை என்று அவள் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகஸ்டில், மண்டபத்தில், பட்டு! நீயும் நானும் சேர்ந்து சொன்னால்தான் காட்டனுக்கு இறங்குவாள். இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடு.