மாப்பிள்ளை பார்ப்பதும் மாப்பிள்ளையைப் பார்ப்பதும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஞாயிறு மாலை

அன்புள்ள விமலா,

நலம்தானே? அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியதா? தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. வாட்ஸாப்பில் பூப்படம் அனுப்புவதெல்லாம் கணக்கில் சேராது என்று நீ கோபித்துக்கொண்டதாகக் கேள்வி. கோபம் நியாயம்தான்.

முதலில் பத்மா விஷயம். போன வாரம் அவள் மகன் ஆங்கிலத்தில் ஒரே வரி அனுப்பியிருந்தான்: 'மம் இஸ் இன் ஹாஸ்பிட்டல்.' நடுவில் 'த' (the) இல்லை. லண்டனில் படித்த பிள்ளை, அதைச் சும்மா விடமாட்டான். 'த' இல்லையென்றால் யாரையோ பார்க்கப் போனதல்ல, நோயாளியாகவே சேர்த்துவிட்டார்கள் என்று புரிந்து அப்படியே கிளம்பிப் போனேன். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி, மாத்திரை, எரிச்சல். நீ ஒரு போன் போட்டால் தெம்பாக இருப்பாள். ஆனால் கூஜா கதையை மட்டும் எடுக்காதே, சிரித்தால் நெஞ்சு வலிக்கிறதாம்.

நான் எழுத உட்கார்ந்தது இன்னொரு விஷயத்துக்காக. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? எல்லாம் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள். அதில் படிவம் 4 படிக்கும் பெண் ஒருத்தி, நன்றாக வாசிப்பாள், வாய் திறக்க மாட்டாள். அவளுடைய கட்டுரைத் தாள் நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். தாள் முழுக்கச் சிவப்பு வட்டம். 'மை மதர் இஸ் நர்ஸ்' என்ற இடத்தில் ஒன்று. சரி, அங்கே 'எ' (a) வரவேண்டும். 'ஷி லைக்ஸ் த மியூசிக்' என்ற இடத்தில் ஒன்று. அங்கே 'த' வரக்கூடாது. இப்படியே தாளின் அடிவரைக்கும். ஒரு வட்டத்துக்குக்கூடக் காரணம் இல்லை. கடைசியில், இந்த 'எ', 'ஆன்', 'த' மூன்றுக்கும் பொதுப்பெயரான 'ஆர்ட்டிகிள்ஸ்' என்று எழுதி ஓர் ஆச்சரியக்குறி.

"எங்கே 'த' போடணும்னு எப்படிம்மா முடிவு பண்றே?" என்று கேட்டேன்.

"வாக்கியம் சின்னதா இருந்தா போடுவேன் டீச்சர். பெரிசா இருந்தா விட்டுருவேன்."

எனக்கு வயிறு எரிந்தது விமலா. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் அது. அதை இந்தப் பிள்ளை குருட்டாம்போக்கில் போடுகிறாள், நாலு வருஷமாக யாரும் அவளை உட்காரவைத்து விளக்கவில்லை. டியூஷன் சென்டரில் கொடுத்த விதித்தாளும் வைத்திருந்தாள். ஆறு, கடல், பாலைவனம், இசைக்கருவி இவற்றுக்கு முன்னால் 'த' என்று வரிசையாக அச்சடித்திருந்தது. எல்லாம் சரியான விதிகள்தான். ஆனால் அம்மா, தம்பி, சட்டை, பஸ் என்று எழுதும் பிள்ளைக்குப் பாலைவனம் எதற்கு? அவள் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழும் இடம் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு நம் பாலத்திலிருந்து தொடங்கினேன். 1985-இல் பாலம் திறந்ததிலிருந்து இந்தத் தீவில் 'த பிரிட்ஜ்' என்றால் அது ஒன்றுதான். யாரும் எந்தப் பாலம் என்று கேட்டதில்லை. 2014-இல் பத்து காவான், பத்து மாவுங் என்ற ஊர்களுக்கு நடுவே இரண்டாவது பாலம் வந்தது. இப்போது 'த பிரிட்ஜில் ஜாம்' என்று ஒருவர் சொன்னால் 'எந்தப் பாலம்?' என்று கேட்கிறோம். "கேட்பவருக்கு எது என்று தெரியும் என்றால் 'த'. தெரியாது என்றால், அப்போதுதான் முதல்முறை அறிமுகப்படுத்துகிறோம் என்றால், 'எ'. எழுதுமுன் உன் மனசைப் பார்க்காதே, படிப்பவர் மனசைப் பார்" என்றேன். தலையாட்டினார்கள். புரிந்த தலையாட்டலா, சும்மா ஆட்டியதா என்பது உனக்குத் தெரியாததா?

அப்புறம் ஒரு பையனைக் கேட்டேன்: "நேத்து கடையில என்ன வாங்கினே?"

"சட்டை வாங்கினேன் டீச்சர்."

"வாங்கி?"

"சட்டையை மாமாகிட்ட கொடுத்தேன். சைஸ் அவருக்குத்தான்."

பலகையில் இரண்டையும் அப்படியே எழுதினேன். சட்டை வாங்கினேன். சட்டையைக் கொடுத்தேன். பக்கத்தில் 'ஐ பாட் எ ஷர்ட்', 'ஐ கேவ் த ஷர்ட்'. முதல் தடவை இல்லாத 'ஐ' உருபு இரண்டாம் தடவை எங்கிருந்து வந்தது? அவன் யோசித்தா போட்டான்? எந்தச் சட்டை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் உருபு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழ்ப்பள்ளியில் 'பால் குடித்தான்' என்பது இரண்டாம் வேற்றுமைத்தொகை, உருபு மறைந்திருக்கிறது என்று படிக்கிறார்கள். மறைந்திருக்கிறது, சரி. ஏன் மறைகிறது என்று எந்தப் பாடமும் சொல்வதில்லை. பூனை பால் குடிக்கும். பூனை பாலைக் குடித்துவிட்டது. முதலாவதில் எந்தப் பாலாக இருந்தாலும் சரி. இரண்டாவதில் நான் காப்பிக்கு வைத்திருந்த பால் போச்சு. ஆங்கிலக்காரன் முதலாவதில் 'மில்க்' என்று வெறுமே விடுவான், இரண்டாவதில் 'த மில்க்' என்பான்.

பிறகு இதைச் சொன்னேன், மண்டபமே சிரித்தது: "அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்றால் என்ன அர்த்தம்? இன்னும் யாரும் அகப்படவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்றால்? ஆள் கிடைத்தாச்சு, தாம்பூலம் மாற்றுவதுதான் பாக்கி." அந்த வெட்கக்காரப் பெண் எழுந்து, "அப்ப முதல்ல 'எ', அடுத்தது 'த'. சரியா டீச்சர்?" என்றாள். அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். (பேச்சோடு பேச்சாகக் கேட்கிறேன், உன் மகளுக்கு நீங்கள் மாப்பிள்ளை பார்க்கிறீர்களா, மாப்பிள்ளையைப் பார்த்தாகிவிட்டதா? சரோஜா அக்கா ஒரு மாதிரி சொல்கிறாள், நீ ஒன்றுமே சொல்லவில்லை.)

உருபு எல்லா இடத்துக்கும் கைகொடுக்காது. எழுவாயில் அது வராது. ஆள்களைச் சொல்லும்போது பெரும்பாலும் எப்படியும் வந்துவிடும். 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்றுதானே சொல்கிறோம்? இதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. எழுவாய்க்கு வேறு வழி இருக்கிறது. 'மேசையில் புத்தகம் இருக்கிறது' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகம் மேசையில் இருக்கிறது' என்றால் நீ தேடிக்கொண்டிருந்த புத்தகம். சொல்லை இடம் மாற்றினால் போதும், 'எ' போய் 'த' வந்துவிடும்.

'எ', 'ஆன்' இரண்டுக்கும் பாடம் எடுக்கவே வேண்டியதில்லை. ஒரு வீடு, ஓர் ஊர் என்று ஆறு வயதில் படித்தவர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே எழுத்தைப் பார்க்காதே, காதைக் கேள். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் பெயரைச் சொல்லும்போது 'எ' ஒலி முன்னால் வருகிறது, ஆகவே ஆன் எஸ்பிஎம். யுனெஸ்கோவுக்கு எழுத்து உயிர், ஒலி 'யு', ஆகவே எ யுனெஸ்கோ. நம் ஜார்ஜ் டவுன் 2008 முதல் எ யுனெஸ்கோ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட். உனக்குப் பிடித்த ஒன்றையும் சொன்னேன். சமையலில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் இடைக்கால ஆங்கிலத்தில் நேப்ரன். 'எ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி 'ன்' இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது. நிக்நேம் நேர் எதிர். 'ஆன் ஈக்நேம்' இருந்த இடத்தில் 'ன்' அந்தப் பக்கம் தாவிவிட்டது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவரைக்கும் நேப்ரன் நேப்ரன் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஊர்ப்பெயர்களில்தான் மனப்பாடம் தவிர வழியில்லை. கொடிமலைக்கு, கினபாலுவுக்கு 'த' கிடையாது, தித்திவங்சா மலைத்தொடருக்கு உண்டு. மலாக்கா நீரிணைக்கு உண்டு. மலேசியாவுக்கு இல்லை, பிலிப்பைன்ஸுக்கு உண்டு. இதற்கு அந்த டியூஷன் தாளே போதும். அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் இவற்றுக்கு முன்னால் 'எ' எழுதும் வழக்கத்தையும் ஒழிக்கவேண்டும், அது தனிப் பாடம். ஐ லைக் டுரியன்ஸ் என்பதற்கும், பாலிக் பூலாவிலிருந்து நீ வாங்கிப்போன அந்த டுரியன்களைப் பற்றி ஐ லைக் த டுரியன்ஸ் என்பதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது உன்னோடு என் சண்டை. "தமிழைக் கொண்டுவந்து நடுவில் போடாதே, கேட்டுக் கேட்டுத்தான் ஆங்கிலம் வரும்" என்று பல வருஷமாகச் சொல்லிவருகிறாய். கேட்டால் வரும், உண்மை. ஆனால் எதைக் கேட்கிறார்கள்? வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பக்கத்து வீட்டில் ஹொக்கியன் சீனம். மூன்றிலும் ஆங்கிலத்தில் இருப்பதுபோல 'எ', 'த' கிடையாது. மலாயில் எது என்று சுட்டவேண்டுமானால் பெயருக்குப் பின்னால் 'இத்து' சேர்ப்பார்கள், சேர்க்காமலும் விடுவார்கள். தெருவில் பேசும் ஆங்கிலத்தில் இரண்டையும் உதறிவிட்டுத்தான் எல்லோரும் பேசுகிறோம். நானும் நாசி கண்டார் கடையில் அப்படித்தான் பேசுவேன், அது அந்த இடத்துக்கு அழகு. அதைக் கேட்டு வளரும் காது எஸ்பிஎம் தாளில் எப்படி 'த' போடும்? லண்டனில் இருந்த பத்மா மகனுக்கு உன் வழி சரி. மண்டபத்துப் பிள்ளைகளுக்குச் சரிவராது. அவர்களிடம் இல்லாத ஒன்றைப் புதிதாகத் திணிக்கிறோம் என்ற நினைப்பே தப்பு விமலா. தெரிந்தது எது, தெரியாதது எது என்று கேட்பவர் பக்கம் நின்று பார்க்கும் புத்தி நாக்கிலேயே இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டாமல் சிவப்பு வட்டம் போட்டு, 'உனக்கு ஆங்கிலம் வராது' என்று நம்பவைத்து அனுப்புகிறார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால் நீ வரவேண்டும். பள்ளி விடுமுறைக்கு கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி. துறைமுகத்துக்கு நான் வந்துவிடுவேன். வரும்போது எளிய கதைகளாகச் சில எழுதி, 'எ', 'த' வரும் இடங்களில் கோடு போட்டுக் கொண்டு வா. கதை நம் ஊர்க் கதையாக இருக்கட்டும்: தண்ணீர்மலை தைப்பூசம், ஃபெர்ரியில் தொலைந்த குடை, எதுவானாலும் சரி. ஒவ்வொரு கோட்டிலும் பிள்ளை காரணம் சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் விடை. நீ அமைத்தால் நன்றாக இருக்கும், எனக்குக் கதை கட்ட வராது என்பது உனக்கே தெரியும்.

கடைசியாக ஒரு வழக்கு, நீ தீர்ப்புச் சொல். ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், கும்பிடப் போனா 'கோ டு சர்ச்', 'த' வேணாம்னு புக்குல போட்டிருக்கு. 'கோ டு ஸ்கூல்', 'கோ டு பெட்' எல்லாம் அப்படித்தான். அப்ப நான் கும்பிடப் போறப்ப மட்டும் ஏன் 'கோ டு த டெம்பிள்'?" அது இங்கிலாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கித் தேய்ந்த வழக்கு, கோயிலும் பள்ளிவாசலும் அந்த வரிசையில் இன்னும் முழுசாகச் சேரவில்லை என்று சொன்னேன். பரீட்சையில் 'த' போட்டு எழுது என்றும் சொன்னேன். "நோக்கம் ஒண்ணுதானே டீச்சர்?" என்றான். பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் தாளில் 'கோ டு டெம்பிள்' என்று ஒரு பிள்ளை எழுதினால் நான் வட்டம் போடமாட்டேன். நீ போடுவாயா? போனில் சொல்லாதே, காரணத்தோடு எழுதி அனுப்பு.

அன்புடன்,
கமலி