அவர்கள் விலையைக் குறைத்தால் பயம், நாம் குறைத்தால் திட்டமா?

அன்புள்ள கண்ணு,

எதிர்க் கம்பெனி விலையைக் குறைத்தது பயத்தில்தான் என்று அறிக்கையில் எழுதப் போவதாக போனில் சொன்னாய். போன வருடம் உங்கள் கம்பெனி குறைத்தபோது அதைத் திட்டம் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மளிகைக் கடைக்காரன் மகளுக்கு நிர்மா கதை தெரியாமல் இருக்காது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டிலேயே சலவைத் தூள் தயாரித்து சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். அப்போது சர்ஃப் தூள் கிலோ சுமார் 13 ரூபாய். நிர்மா 3 ரூபாயை ஒட்டி. சர்ஃப் தயாரித்த இந்துஸ்தான் லீவரில் இருந்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள், விவரம் கிடைக்காதவர்களும் இல்லை. ஆனால், "மட்டமான தூள், நம் வாடிக்கையாளர் தொட மாட்டார்" என்ற எண்ணம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நிர்மா வாங்கியவர்களில் பலர் அதுவரை கட்டி சோப்பில் துவைத்தவர்கள். சர்ஃப் விற்பனைக் கணக்கை எத்தனை முறை புரட்டினாலும் அவர்கள் அதில் தென்பட மாட்டார்கள். 1980களில் விற்பனை அளவில் நிர்மா முந்திவிட்டது. சர்ஃப் வாங்கச் சொல்லி லலிதாஜி விளம்பரமெல்லாம் வந்தது. கடைசியில் லீவரே விலை குறைந்த ‘வீல்’ சலவைத் தூளை இறக்க வேண்டியிருந்தது.

அப்புறம், கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதே. "அவன் கூடுதல் மார்ஜின் தர்றான்" என்று சேல்ஸ்மேனிடம் சொன்னால்தான் கடைக்காரர்களான நமக்கு நல்ல ஸ்கீம், அதாவது கம்பெனிச் சலுகை, வரும். கல்லாவில் உட்கார்ந்த எல்லோருக்கும் இது தெரியும். அதே பேச்சு நாலு சேல்ஸ்மேன் வழியாக உன் மேஜைக்கு வந்தால் நாலு சாட்சி என்று எண்ணிவிடாதே. நாலு பேரும் ஒரே ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விநியோகஸ்தர்) கிடங்கில் டீ குடித்துக்கொண்டு கேட்டதாக இருக்கலாம். ஒற்றாடல் அதிகாரத்தில் 589ஆம் குறளை எடுத்துப் பார். ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி இருக்க வேண்டும், அப்படிப்பட்ட மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார் வள்ளுவர். மார்க்கெட் ரிசர்ச் என்று பெரிய பணம் வாங்குகிறவர்கள்கூட இதைச் சரியாகச் செய்வதில்லை.

விலைக் குறைப்புக்குப் பயம் தவிர வேறு காரணமும் இருக்கலாம்: மூலப்பொருள் மலிந்திருக்கும், புது ஆலை ஓட ஆரம்பித்திருக்கும், பழைய சரக்கைத் தள்ளிவிட நினைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் எழுதி, அது உண்மையானால் கடையில் என்ன தெரிய வேண்டும் என்று பக்கத்திலேயே குறி. பழைய சரக்கு என்றால் பாக்கெட்டில் தேதி காட்டிக்கொடுக்கும். உன் முடிவுக்கு ஒத்துவருவதைத் தேட வேண்டாம், அது தானாகவே வந்து சேரும். ஒத்துவராததைத் தேடு. மேலதிகாரி எதைக் கேட்டால் சந்தோஷப்படுவார் என்பது உனக்குத் தெரியும் இல்லையா, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை சரிபார்.

இன்னொன்று, உங்கள் சரக்கு விற்கும் கடைகளிலேயே சுற்றிக்கொண்டிருக்காதே. வாங்குவதை நிறுத்தியவர்களைக் கேள். நம் பஜாரிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் வரும்போது கூட்டிப்போகிறேன். நன்றாகத் திட்டுவார்கள், நோட்டுப் புத்தகம் கொண்டுவா.

அன்புடன்,
அப்பா